எலி கடித்த வயர்

ஜீப்பின் தலையில் ஏற வேண்டிய நீளமான பார் லைட் எட்டு மாதமாகக் கட்டிலுக்கடியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதை வாங்கியவன் போய் ஐந்து மாதம். பட்டப்பகலில், ஆபீஸ் படிக்கட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது.

அதை மாட்டுவதற்கு முந்தின நாளே அவனுடைய அப்பா ஒர்க்‌ஷாப்புக்குத் தனியாக வந்து எலக்ட்ரீஷியனிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இந்த லைட்டுக்காகப் பையன் இழுத்து வைத்த வயர் ஒன்று அறுந்து கிடக்கும், பார்த்ததுமே எப்படி அறுந்ததென்று உனக்குத் தெரிந்துவிடும், வீட்டில் அதை எலி கடித்ததாகப் பேச்சு, நாளைக்கு என் சம்சாரமும் கூட வருவாள்.

"எலியாவே இருக்கட்டும் தம்பி."

"நீங்களாய்யா வெட்டினீங்க?"

அவர் மறுக்கவில்லை. பையன் லீவு நாளில் கூட்டாளிகளோடு மலைப்பாதையில் ஜீப் ஓட்டப் போவான். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். இந்த லைட் வந்துவிட்டால் ராத்திரியிலும் போவானே என்று அவருக்குப் பயம். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு என்றால் "சாவி எங்க?", "ஆணியில" என்பதோடு சரி. அதனால் ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல் மிஷின் மேலிருந்த கத்தரியை எடுத்துப்போய் ஒரே வெட்டு.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்தம்மா லைட் பெட்டியைப் பின்சீட்டில் வைக்க விடாமல் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எலக்ட்ரீஷியன் கேட்டபோதுகூட உடனே கொடுக்கவில்லை. அவனே கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஜீப் கூரையில் ஓட்டை போடுவாயா என்று அவர் மூன்றாவது தடவை கேட்டார். ஓட்டையே வேண்டாம், மழைத்தண்ணி ஓடுகிற விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி கிளாம்ப் இருக்கிறது என்று மூன்றாவது தடவையும் அவன் சொன்னான்.

"வீட்டுக் கூரை ஒழுகினப்ப இந்தக் கவலையக் காணோம்" என்றாள் அந்தம்மா. எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினான்.

லைட் மேலே ஏறியது. ஸ்டியரிங்குக்குக் கீழே வேலை பார்க்க அவன் சீட்டை நகர்த்தினான். அடியில் ஒரு எலிப்பொறி இருந்தது. கம்பியில் பாதி பிஸ்கட், கல்லாகக் காய்ந்து போயிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பையன் மூன்று வாரம் தினமும் காலையில் எழுந்ததும் இதைத்தான் போய்ப் பார்ப்பான் என்று சொன்னாள். அவள் வீட்டில் சுட்ட பிஸ்கட்தான். ஒன்றும் மாட்டாததற்கு, "நீ சுட்டதுன்னு எலிக்குத் தெரிஞ்சுபோச்சும்மா, உயிர்மேல ஆசை இருக்காதா" என்று அவளைச் சீண்டுவானாம்.

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எலக்ட்ரீஷியன் கையில் வயரின் இரண்டு முனையும் வந்துவிட்டன. எலி கடித்தால் பிய்ந்து பிய்ந்து இருக்கும். இது நறுக்கென்று இருந்தது. அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே, "எலிதாம்மா" என்றான்.

அத்தோடு முடிந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தானே. ஆனால் அவர் மனைவியின் மடியிலிருந்த பொறியைப் பார்த்தபடியே நின்றார்.

"எலி இல்ல. நான்தான் வெட்டினேன்."

அவள் திரும்பவில்லை.

"தெரியும். கத்தரியில வயர்ல சுத்தின டேப்போட பசை ஒட்டிக்கிட்டிருந்துச்சு. வெட்டுற பக்கம் ஒரு பல்லும் விழுந்திருந்துச்சு."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாரு வெட்டினதுன்னு தாம்தூம்னு குதிச்சான். எலியா இருக்கும்டான்னு நான்தான் சொன்னேன். சீட்டுக்கு அடியில ஓடினத என் கண்ணால பாத்தேன்னுகூடச் சொன்னேன். வீட்ல ஒரு சண்டை எதுக்குன்னு."

எலக்ட்ரீஷியனுக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் பாதி உடம்பு ஜீப்புக்குள் கிடந்தது.

"சொல்லியிருக்கலாம் நீ" என்றார் அவர். "சண்டையாவது போட்டிருப்பான் என்கூட."

"அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எலக்ட்ரீஷியன் வயரை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயர் மெல்லிசு, இத்தனை பெரிய லைட்டைத் தாங்காது, சூடேறி எரிந்துவிடும், முழுசாக உருவிவிட்டு வேறு போட வேண்டும் என்றான்.

"உருவாதே" என்றார். அவனிடம் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அவன் யோசித்தான். பிறகு ஒரு வழி சொன்னான். பேட்டரி பக்கத்தில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம். அங்கிருந்து லைட்டுக்குத் தடிமனான வயர் புதிதாகப் போகும், கரண்ட் முழுக்க அதில்தான். பையனுடைய வயர் சுவிட்சிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் போனால் போதும்.

"லைட்ட எரின்னு சொல்றது மட்டும்தான் இது. அதுக்கு இந்த மெல்லிசு தாராளம்யா."

"வெட்டின இடம்?"

"ஜாயின்ட் போட்டுடறேன். ஆனா கை வச்சா தெரியும். மேடா இருக்கும்."

"இருக்கட்டும்."

வேலை முடிந்ததும், வெளிச்சம் தெரிவதற்காக ஷட்டரைப் பாதி இறக்கினான். சுவிட்சைப் போடச் சொன்னபோது அவர் பின்வாங்கினார். அந்தம்மாதான் போட்டாள். எதிர்ச் சுவர் வெள்ளையாக எழுந்து வந்தது. ஆணியில் தொங்கிய ஸ்பேனர் ஒவ்வொன்றும் தன் நிழலோடு தெரிந்தது. சுவரோரம் ஒரு ஆள் நின்றிருந்தால் முகத்தில் இருக்கிற மச்சம்கூடத் தெரிந்திருக்கும். யாரும் இல்லை.

"அணைச்சிடும்மா" என்றார் அவர்.

திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. காலிப் பெட்டியை மடித்துப் பின்சீட்டில் போட்டிருந்தார்கள். பொறி அவள் மடியில் இருந்தது. சிக்னல் தாண்டியதும் அவருடைய ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு, கீழே, வயர் போகிற பக்கம் துழாவியது. அந்த மேடு அகப்பட்டதும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் பார்த்தாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அவர் ரோட்டைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.