சம்பந்திகள் கயிறு இழுத்த கதை

பாலிங் ஊருக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கேம்ப்சைட்டை மழைக்காலம் வருகிறதென்று அடுத்த வாரம் மூடப் போகிறார்கள். அதனால் கடைசிச் சனி ஞாயிறுக்கு இடம் சுலபமாகக் கிடைத்தது. மாப்பிள்ளை தேவன் தன் வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் சேர்த்தே கூடாரம் போட்டுவிட்டான். மாமியார் மருதம்மாளைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளை யார் கேட்டார்கள்?

மகள் யோகேஸ்வரிக்கு வரப்போவது தலை தீபாவளி. முறைப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் பாடாங் மேஹாவில் இருக்கும் மருதம்மாள் வீட்டுக்கு வர வேண்டும். வருவார்களா என்ற கவலைதான் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. சுங்கைப் பட்டாணி மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில், தேவனின் தாய்மாமனை யாருமே சாப்பிடக் கூப்பிடவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் மனிதர் கோபித்துக்கொண்டு பசியோடு கிளம்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவருடைய அக்கா, அதாவது தேவனின் அம்மா பிரேமாவதி, "நல்லா இருக்கீங்களா" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறாள். தாம்பூலத் தட்டோடு அழைக்கப் போய், அந்தம்மா முகத்துக்கு நேரே முடியாது என்றுவிட்டால்? நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மருதம்மாள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு காலையில், கேம்ப்சைட் நடத்தும் மலாய்க்காரர் விசிலோடு வந்து டெலிமேட்ச் விளையாட்டுப் போட்டிகளை ஆரம்பிக்கலாம் என்றார். ஒரு குடும்பம் ஒரு குழு. மருதம்மாளுக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது. தன் ஆட்களைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டி, சம்பந்தி மனம் குளிர எல்லா விளையாட்டிலும் தோற்றுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

தோற்பதிலும் ஒரு அளவு வேண்டாமா? கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடிய போட்டியில் அவள் கணவர் அய்யாவு அடிக்கு ஒரு தடவை பழத்தைக் கீழே போட்டார். பள்ளியில் ஓட்டப் பந்தயக்காரியான சின்ன மகள் காஞ்சனா, சாக்கு ஓட்டத்தில் சமதரையில் விழுந்து எழுந்திருக்கவே மறுத்தாள். நாற்காலி சுற்றும் விளையாட்டில் மருதம்மாளின் தம்பி குணாளன், பாட்டு நின்றதும் காலி நாற்காலியைப் பிரேமாவதிக்குக் காட்டி, உட்காருங்க என்று கைகட்டி நின்றான். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். பிரேமாவதியின் முகம் இறுகிக்கொண்டே போனது. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று மருதம்மாள் பயந்து, இன்னும் நன்றாகத் தோற்கச் சொன்னாள்.

கடைசியாகக் கயிறு இழுக்கும் போட்டி. முந்தின நாள் மழையில் புல்தரை சொதசொதவென்று கிடந்தது. யோகேஸ்வரி புருஷன் பக்கம் நின்றாள். அந்தப் பக்கத்துக் கடைசி ஆளாகப் பிரேமாவதி கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். லாரியில் மூட்டை ஏற்றும் குணாளனிடம், கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடு என்று மருதம்மாள் சொல்லி வைத்திருந்தாள். விசில் ஊதியதும் அவன் மொத்தமாகவே விட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். எதிர்ப்பக்கம் வரிசையாக மல்லாந்து விழுந்தது. பிரேமாவதி சேற்றுக் குட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

மருதம்மாளுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பிரேமாவதி எழுந்திருக்கவில்லை.

"சம்பந்தி, காலையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நாங்க என்ன ஒப்புக்குச் சப்பாணியா?"

கோபமாக இருக்கிறீர்களே என்றுதான் இப்படிச் செய்தோம் என்று மருதம்மாள் தடுமாறினாள்.

"கோவந்தான். தீபாவளி வந்துருச்சு, நீங்க இன்னும் வந்து ஒரு வார்த்த கூப்புடல. அன்னைக்கு எந்தம்பியத்தான் சாப்பிடக் கூப்புடல. இப்ப புள்ளைங்களையும் கூப்புடலன்னா நான் என்னன்னு நெனைக்கறது? கூப்புடாத வீட்டுக்கு எப்படி அனுப்பி வைக்கறது, சொல்லுங்க."

மருதம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுத்துவிடுவார்களோ என்றே இத்தனை நாளும் பயந்தாளே தவிர, அழைப்புக்காக அங்கே ஒருத்தி காத்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. ஆனால் கையில் தட்டில்லை, வெற்றிலை இல்லை. அய்யாவு காலையெல்லாம் கீழே போட்ட எலுமிச்சம்பழம் புல்லில் கிடந்தது. அதை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தல தீபாவளிக்கு ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க. நீங்களும் வரணும். ஒங்க தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்க. நானே எல போட்டுப் பரிமாறுறேன்."

பிரேமாவதி சேற்றுக் கையாலேயே பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வர்றோம்லா. ஆனா இப்ப ஒழுங்கா கயித்தப் புடிங்க. இன்னொரு தடவ விட்டீங்கன்னா வரமாட்டோம்."

மறுபடி இரண்டு பக்கமும் வரிசை கட்டியது. குணாளன் என்ன செய்வதென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான். மருதம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"இழுடா தம்பி," என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் லேசில் விடவில்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி, கடைசியில் கோட்டைத் தாண்டி மொத்தமாக முன்னால் வந்து விழுந்தார்கள். இந்தத் தடவை முதலில் சிரித்தது பிரேமாவதிதான். முகத்துச் சேற்றை ஒரு கையால் வழித்துக்கொண்டே, சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.