412-ஆம் எண் வாசகர்

எங்கள் பள்ளி நூலகத்தில் கணினி கிடையாது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தேதித்தாள் ஒட்டியிருக்கும். புத்தகம் எடுப்பவர் அதில் தேதியையும் தன் உறுப்பினர் எண்ணையும் எழுத வேண்டும்.

நான் நூலகராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட வேண்டும், காலியாகும் அலமாரிகளில் பந்துகளும் வலைகளும் வைக்க வேண்டும் என்றார். அவர் முன்னால் எனக்கு வார்த்தை வராது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை, பள்ளியை விட்டுப் போன யாரோ ஒருவரின் எண்ணை எடுத்துக்கொண்டேன். 412. நாற்பத்து மூன்று புத்தகங்களின் தேதித்தாளில் அந்த எண்ணை எழுதினேன். தேதிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டேன். பேனாவைக்கூட மாற்றினேன். நான் வேதியியல் படித்தவள். செய்யாத சோதனைக்கு அளவீடு எழுதுவதைக் கல்லூரியில் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

புத்தகங்கள் தப்பின. ஆனால் அதற்குப் பிறகும் யாரும் அவற்றைத் தொடவில்லை. மதிய இடைவேளையில் நானும் மின்விசிறியும்தான். அலுவலக உதவியாளர் தினமும் எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா, இன்னைக்குக் கூட்டம் தாங்கலையோ? வரிசைல நிக்க வைக்கவா?"

நான் சிரிப்பேன். அவர் போய்விடுவார்.

வருட நடுவில் ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் வர ஆரம்பித்தாள். வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாடிப்படியில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து ஒளிந்துகொள்வாள். படிக்க மாட்டாள். புத்தகங்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஒருநாள் மேசைக்கு வந்தாள். "மிஸ், 412 யாரு?"

"ஏன் கேக்குற?"

"யாருமே எடுக்காத புக்கா பாத்து எடுத்திருக்காங்க. என்னை மாதிரி தனி ஆளு போல. இப்பவும் இந்த ஸ்கூல்லதான் இருக்காங்களா?"

"இருக்கலாம்" என்றேன்.

அன்றிலிருந்து 412 எடுத்த புத்தகங்களை மட்டும் எடுத்தாள். பாறைகளைப் பற்றிய முதல் புத்தகம் பாதியில் திரும்பி வந்தது. இரண்டாவது ஒரு நாவல். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவர், அவருடைய நாய். ஒரு ராத்திரி விளக்கு அணைந்துவிடுகிறது.

"மணி அடிச்சாச்சும்மா."

"ஒரே ஒரு பக்கம் மிஸ்."

அந்த அறையில் இந்த வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். "இத 412 கிட்ட சேத்துடுங்க மிஸ்." சீட்டில், 'விளக்கை அணைத்தது யார் என்று முதலில் நினைத்தாய்? நான் நாயை நினைத்தேன்' என்று எழுதியிருந்தாள். மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். பிறகு இன்னும் இரண்டு சீட்டுகள் வந்தன. அவற்றுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, அதே நாவலை இரண்டாம் முறை எடுத்தவள், டைரியிலிருந்த காலண்டரோடு வந்து நின்றாள்.

"மிஸ், 412 இத ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்திருக்காங்க! கேட் ஏறிக் குதிச்சு வந்தாங்களோ?"

சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தேதிகளை அவ்வளவு கவனமாகக் கலைத்தவள் கிழமையைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

"எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன் மிஸ். நாளைலேருந்து ஒவ்வொரு கிளாஸாப் போய்க் கேக்கப் போறேன்."

ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் அவள் நின்று, இல்லாத ஒருவரைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் எப்படிச் சிரிப்பார்கள் என்பதையும்.

"கேக்காதம்மா. அப்படி யாரும் இல்ல. நான்தான் எழுதினேன்."

ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப என் சீட்டெல்லாம்?"

இழுப்பறையைத் திறந்தேன். மூன்றையும் எடுத்து, மடிப்பை நீவி, பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்களாவது அந்த புக்க படிச்சீங்களா மிஸ்?"

"இல்ல."

மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. போய்விட்டாள்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. "என்னம்மா, இருந்த ஒரு ஆளையும் வெரட்டி விட்டுட்டீங்களா?" என்றார் உதவியாளர். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, திருப்பித்தரும் பெட்டியில் அந்த நாவல் கிடந்தது. தேதித்தாளில் 412-இன் மேல் பென்சிலால் ஒரு கோடு. கீழே அவளுடைய எண் மட்டும் இரண்டு முறை.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிறு மாலை படித்து முடித்தேன். யாரிடமாவது அதைப் பற்றிப் பேச வேண்டும்போல இருந்தது. பேச ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஊழியர்களுக்கு உறுப்பினர் எண் கிடையாது. தேதி போட்டு, 'நூலகர்' என்று எழுதினேன். திங்கட்கிழமை அதைப் பழைய இடத்திலேயே, ஜன்னலோர அலமாரியில் வைத்தேன்.

திங்கள் அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"மறுபடியும் ஞாயித்துக்கிழமையா?"

"வீட்டுல படிச்சேன். நெஜமா."

"விளக்க அணைச்சது யாரு?"

"காவலாளிதான். அவரைக் கூட்டிட்டுப் போக வர்ற கப்பல் கரை சேந்தா அவர் ஊருக்குப் போயாகணும். மனுஷங்களோட பேசிப் பழக்கம் விட்டுப்போச்சு அவருக்கு."

"அது கடைசில. மொதல்ல யார நெனச்சீங்க?"

"நாயை."

அவள் நீள மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து வேறொரு புத்தகத்தைத் திறந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து, தலை நிமிராமல், பென்சில் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

அது பாதி மேசையில் நின்றுவிட்டது. நான் எழுந்து போனேன்.