படிவத்தின் பின்பக்கம்

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் ஆவி கண்ணை மறைத்தது. கொதிக்கக் கொதிக்க வந்துவிழும் படுக்கை விரிப்புகளை உதறி உதறி மடிப்புக்காரிக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. பத்து வருடமாக மறுமுனை பிடித்த அவள் நாத்தனார், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலி வந்ததும் இதே மேஜையருகில்தான், போன செவ்வாய்க்கிழமை.

வேலையில் நேர்ந்த விபத்து என்று எழுதினால், உடம்பு தேறும்வரை அவள் இடம் காத்திருக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெயரை அடித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் படிவத்தை நிரப்பி, உறவுக்காரி என்று மடிப்புக்காரியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். 'தூக்கிய எடை: ஏதுமில்லை. விபத்து அல்ல.'

அடப்பாவி! போன வருடம் இங்கே சலவை மூட்டை தூக்கும் அண்ணன் எண்பது கிலோவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, மறுபேச்சில்லாமல் விபத்து என்று எழுதிய அதே கை!

செவ்வாய்க்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு விரிப்பில் கறை போகவில்லை என்று நாத்தனாரை நடுக்கூடத்தில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் வாய்க்கு வந்தபடி பேசினார் இந்த மனுஷன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் போனதும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னாங்க சார். ஆம்பளைங்க பலபேருக்கு உடம்பை முறிச்சு வேலை செஞ்சா வருதாம். பொம்பளைங்களுக்கு மனசு கொதிச்ச பிறகு வர்றதை அவங்க நிறையப் பாக்குறாங்களாம். ரெண்டும் ஒரே நெஞ்சுவலிதானாம்."

"திட்டினா நெஞ்சுவலி வருமா? அப்போ என் பொண்டாட்டி வாய்க்கு நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணுமே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ வேளையில் படிவத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"அன்னைக்கு அந்தாளு பேசினதுல ஞாபகம் இருக்கிறதை ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க."

"எழுதிட்டு நாளைக்கு நாம எங்க போறது?" என்றாள் ஒருத்தி.

மூட்டை அண்ணன் பேனாவை எடுத்தார். "நான் விழுந்தப்ப யாரும் என்னைக் கேள்வி கேக்கல. அன்னைக்கு நானும் இங்கதான் நின்னேன், வாயே திறக்கல" என்று சொல்லிவிட்டு, காதில் விழுந்த திட்டை முதல் வரியாக எழுதினார். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை.

மதியம் முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "திட்டு எத்தனை கிலோம்மா இருக்கும்?"

"கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, முதலாளி." விபத்து என்று திருத்த அவர் முன்னால் பேனாவை வைத்துவிட்டு, அவள் தாளை விரித்தாள். தாளின் மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டார். அவள் படித்தாள்.

"உங்கப்பன் வீட்டுத் துணியா இது? கிழடு தட்டிப்போச்சுன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? உன் மூஞ்சியப் பாத்துதான் புருஷன் ஓடிட்டான்..."

ஐந்தாவது வரியில் முதலாளி கையை உயர்த்தினார். "போதும், நிறுத்து. காது குடுத்துக் கேக்க முடியல."

"இன்னும் இருபத்தாறு வரி இருக்கு. அவ நின்னுக்கிட்டே கேட்டா."

"எல்லாரும் வேலையப் பாருங்க!"

ஒருவரும் அசையவில்லை. மடிப்புக்காரி ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

"ஆறாவது நான் எழுதினது" என்று பின்னாலிருந்து ஒருத்தி வந்து, தாளைப் பார்க்காமலே உரக்கச் சொன்னாள்.

உலர்த்தும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி இன்னும் பேனாவைத் தொடவில்லை.

"ஏழாவது என்னுது" என்று அடுத்தவள் முன்னால் வந்தாள்.