பதினோராம் அறையில் பெய்த பனி

பல்செட்டுக்காரர் அந்தத் தீவு நகரத்தில் வந்திறங்கிய அன்று மதியம், அவர் தங்கிய விடுதியின் பதினோராம் அறைக்குள் மட்டும் பனி பெய்தது. மின்விசிறிக்கும் கூரைக்கும் நடுவிலிருந்து புறப்பட்டு, மெத்தை, செருப்பு, சோப்பு டப்பா என்று பாகுபாடில்லாமல் விழுந்தது. பத்தாம் அறையில் வேர்வை, பன்னிரண்டாம் அறையில் வேர்வை. விடுதிக்கார அம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்து பார்த்தாள். குழாய் ஒழுகினால் எந்த முகத்தை வைத்துக்கொள்வாளோ அதே முகத்தோடு, மெத்தையை நனைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கீழே போய் ஒரு தகர முறத்தை எடுத்து வந்து கதவருகே சாத்திவிட்டுப் போனாள்.

பல்செட்டுக்காரர் கடும் குளிர் ஊர்க்காரர். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். கல்யாணம் ஆகவில்லை, தன்னை வளர்த்து ஆளாக்கிய அக்காவோடு மூன்றாம் மாடி வீடு ஒன்றில் இருந்தார். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் கேஸ் வால்வு கதவுக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில் இருந்தது. கடைசியாக வெளியே போகிறவர் அதை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அக்கா தையல் கடைக்கு விடிந்ததுமே கிளம்பிவிடுவாள் என்பதால் கடைசி ஆள் எப்போதும் தம்பிதான். வருஷக்கணக்கான பழக்கத்தில் அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே அந்த வேலையை முடித்துவிடும். வால்வும் அந்தக் கைக்குத்தான் பணிந்தது. வேறு யார் திருகினாலும் நடுரோட்டு மாடு மாதிரி அசையாமல் நின்றது.

தீவுக்கு டிக்கெட்டை அவர் எப்போதோ வாங்கி ஒளித்து வைத்திருந்தார். யாருடைய துணையுமில்லாமல், யாருக்கும் துணையாக இல்லாமல், ஒரே ஒரு முறை கடலைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. பயணம் நெருங்கிய நேரத்தில் அக்கா படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு வந்த மறுநாள் காலை விமானம். பல்செட் செய்யும் புது மெஷினுக்குப் பயிற்சி, கம்பெனி அனுப்புகிறது, தட்ட முடியவில்லை என்று கூசாமல் புளுகினார். வெளியூரில் இருந்த தங்கை சாயந்திர ரயிலில் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் பெட்டியைத் தூக்கினார், கதவைச் சாத்தினார், கை வால்வை மூடியது. எழுந்து நிற்க முடியாத அக்கா உள்ளே படுத்திருந்தாள்.

விடுதி அறையில் பெட்டியை இறக்கி வைத்தபோதுதான் உள்ளங்கை சில்லென்று இருப்பதைக் கவனித்தார். விரித்துப் பார்த்தார். வால்வுப் பிடியின் தடம், அச்சு வார்த்த மாதிரி. வால்வை மூடிவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. அடுத்த நிமிடம் பனி.

அப்போதே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. மெஷின் பயிற்சி நடக்கும் இடத்தில் கப்பல் எதற்கு ஊதுகிறது என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் பேசலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஊர் முழுக்க அவர் அன்று நடந்தது அந்த இடத்தைத் தேடித்தான். அப்படி ஓர் இடம் துறைமுக நகரத்தில் கிடையாது என்பது முதல் தெருமுனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நடந்தார்.

அந்த ஊருக்கும் அது குளிர்காலம்தான். நெற்றியில் வேர்வை வழிய நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். முடி திருத்துகிறவர் கடலிலிருந்து லேசாகக் காற்று வந்ததும் கதவைச் சாத்தி, இந்த வருஷம் குளிர் ஆளைக் கொல்கிறது என்று அலுத்துக்கொண்டார். பால்கனிக் கம்பிகளை உப்பு தின்றிருந்தது. கொடியில் காய்ந்த துணிகள் எப்போதும் பாதி ஈரமாகவே இருந்தன. ஒவ்வொரு தெருவின் கோடியிலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல், யாரோ பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல நின்றது. பார்க்கப் பார்க்கத் திகட்டாத ஊர். அதுதான் அவரை வதைத்தது. மதில் மேல் வழிந்த காகிதப் பூவைப் பார்த்தாலும், அக்கா இந்நேரம் போர்வைக்குள் முழங்காலை மடக்கக்கூட முடியாமல் கிடப்பாள் என்றே தோன்றியது. அவர் நின்ற இடமெல்லாம் தரை குளிர்ந்தது. தெருநாய்கள் வரிசையாக வந்து அவர் காலடியில் படுத்தன. படகுத்துறையில் அவர் கால் ஓய்ந்து உட்கார்ந்தபோது, மீன்காரர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீன் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அண்ணே, சும்மாதான உக்காந்திருக்கீங்க? ஐஸ் வண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் இப்படியே இருங்க.”

இருட்டிய பிறகுதான் போன் செய்தார். எடுத்தது தங்கை. அவள் எரிச்சலில் இருந்தாள். வால்வைத் திருகிப் பார்த்துக் கை வலிதான் மிச்சம். ரிப்பேர்காரர் அடுத்த வாரம்தான் வருவாராம். அது கிடக்கட்டும், ஹீட்டர் ஓடாமலே வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது, கீழ் வீட்டில் குழாய்த் தண்ணீரே உறைந்து போயிருக்க, அக்கா போர்வையைக் கையால் விலக்கித் தள்ளிவிட்டாள், இது என்ன கூத்து என்று கேட்டாள். பல்செட்டுக்காரர் முறத்தில் பனியை அள்ளி ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டே, தெரியவில்லை என்றார்.

முன்கூட்டியே திரும்பலாம் என்று பார்த்தால் எந்த விமானத்திலும் இடமில்லை. குளிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களால் தீவு நிரம்பியிருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து மீன்காரர் அவரை வலுக்கட்டாயமாகக் கடலுக்கு இழுத்துப் போனார். அலை அவரைத் தூக்கி உட்கார வைத்தது. வாயில் உப்புத் தண்ணீர் போனது. தன் மாமியாரின் பல்செட் அலையோடு போன கதையை மீன்காரர் நடித்தே காட்டியதில் பல்செட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு மதியம் முழுக்க அக்கா ஞாபகம் வரவில்லை. அறைக்குத் திரும்பினால் பனி நின்று தரை உலர்ந்திருந்தது. தப்பித்தோம் என்று போனை எடுத்தவருக்குத் தங்கையின் அழுகைதான் கேட்டது. மதியம் திடீரென்று வீடு ஐஸ் பெட்டி ஆகிவிட்டதாம். அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டதாம். இருந்த துணியையெல்லாம் அக்காவுக்குப் போர்த்தி, தானும் ஒட்டிப் படுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

பல்செட்டுக்காரருக்குக் கணக்குப் புரிந்தது. அவர் மனம் உறுத்தும் வரை அந்த வீட்டின் குளிர் அவரோடு இருக்கும். அவர் மறந்தால் அது வீட்டுக்குத் திரும்பிவிடும். கட்டிலில் உட்கார்ந்து, வால்வைத் திருகிய அந்த நொடியை நினைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமலை நினைத்தார். முதல் நாள் போனை எடுத்துவிட்டுக் கப்பல் சத்தத்துக்குப் பயந்து கீழே வைத்ததை நினைத்தபோது, மெத்தை மேல் முதல் பனித்துகள் விழுந்தது. இனி அவளிடம் மறைக்க முடியாது என்று, போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னார்.

“அக்கா, நான் பயிற்சிக்கு வரல.”

“தெரியும். பல்லு செய்யற பயிற்சிக்கு நீச்சல் டவுசர் எதுக்குடா?”

“வால்வை மூடினதும் நான்தான்.”

“அதுவும் தெரியும். திருகின சத்தம் கேட்டுச்சு.”

“கேட்டுச்சா? ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?”

“கொடுத்திருந்தா திரும்பி வந்திருப்ப. அப்புறம் ஜென்மத்துக்கும் போயிருக்க மாட்ட. சாயந்திரம் வரைக்கும்தானே, தாங்கிக்கலாம்னு நெனச்சேன். அது சரி, கடல் எப்படிடா இருக்கு?”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். அன்று பதினோராம் அறையில் பனி முழங்கால் வரை ஏறியது. குளிர் ஊரில் தங்கை ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

குறித்த நாளில் ஊர் திரும்பினார். வால்வு அவர் கைக்குச் சொன்னபடி கேட்டது. அக்கா முதலில் தடி ஊன்றியும் பிறகு தடியில்லாமலும் நடந்தாள். அடுத்த குளிர்காலத்தில் முறிந்த எலும்பு குத்த ஆரம்பித்ததும், அவளே அவர் பெட்டியை எடுத்து வைத்து, நீச்சல் டவுசரை மேலாக மடித்து, போய்க் குளிரை விட்டுவிட்டு வா என்று அனுப்பினாள். அதன்பின் அது வருஷா வருஷம் நடந்தது. கீழ் வீட்டுக்காரர் படியில் மறித்து, அப்படியே எங்கள் வீட்டுக் குளிரையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு எதிராகத் தான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று பல்செட்டுக்காரர் வருத்தத்தோடு கையை விரித்தார். தீவில் விடுதிக்கார அம்மாள் பதினோராம் அறைக்கு மட்டும் கம்பளி வாங்கி வைத்தாள். பல்செட்டுக்காரர் கடலில் இறங்கினார், ஆனால் சிரிக்கும்போது பாதியில் நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தார்.

அக்கா ஒரு கோடைக்காலத்தில், ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். அந்தக் குளிர்காலத்தில் அவர் காலி வீட்டைப் பூட்டி, வால்வின் மேல் கையை வைத்து, திருகாமலே எடுத்துவிட்டுக் கிளம்பினார். ஆள் இல்லாத வீட்டில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பதினோராம் அறையில் அவர் பெட்டியை இறக்கி வைத்ததும் பனி பெய்தது. யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. விடுதிக்கார அம்மாள் தகர முறத்தைக் கதவருகே சாத்திவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் மீன்காரர் படியேறி வந்தார். இந்த முறை மீன்பாடு நன்றாக இருந்ததால் இரண்டு பெட்டிகள் கொண்டு வந்திருந்தார்.