கவிழ்த்து வைத்த கிண்ணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி மலர்விழி நேற்று மாலை எரிச்சலோடு சொன்னது. அதை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.

‘தங்கம் உருகும் வெயிலில் அவள்…’ வேண்டாம். இவளுடைய தங்கம் உருகுவதில்லை, மிதக்கிறது.

2

முதலில் விளக்கிவிடுகிறேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு மயிரிழையின் குறுக்கே பத்தாயிரம் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சின்னத் தங்கத் துகள்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் மெழுகுபோன்ற மூலக்கூறு ரோமங்கள். டொலுயீன் என்ற கரைப்பானில் மிதக்கும் இவற்றில் ஒரு சொட்டை, பொட்டு அளவுச் செம்புச் சல்லடைமேல் விடுகிறார்கள். சொட்டு மெல்லக் காய்ந்தால் துகள்கள் நெருங்கி, இடித்து, விலகி, ஒன்றைச் சுற்றி ஆறு என்று தாமாகவே அணிவகுக்கும். நாமக்கல் முட்டை அட்டையில்

(அடித்துவிட்டேன். அட்டையில் குழி உண்டு, அடுக்க ஆள் உண்டு. இங்கே இரண்டும் கிடையாது.)

சட்டென்று காய்ந்தால் நின்ற இடத்திலேயே குப்பையாகிவிடும். அதனால் சொட்டின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

3

மலர்விழியிடம் இருந்தது கடைசிச் சொட்டு. இன்று காலை கோயம்புத்தூரில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். மூன்று மாதம் காத்து வாங்கியது. அதில் எடுக்கும் படம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, கெடுவோ இம்மாதக் கடைசி. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் பழனியம்மாள் வந்தார். அங்கே கழுவிய கிண்ணத்தைத்தான் காயக் கவிழ்த்து வைப்பார்கள். எடுத்துத் துடைத்து அலமாரியில் அடுக்கினார்; அடியில் இருந்த பொட்டளவுச் சல்லடை கண்ணில் படவில்லை. மேசை காயட்டும் என்று காற்றாடியையும் போட்டார்.

(எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா என்று மலர்விழியிடம் பொரிந்து தள்ளினேன். “ஒட்டியிருந்தனுங்க. கிண்ணத்து மேலயே” என்றாள்.)

4

இந்த இடத்தில் அவள் கத்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். அவள் கத்தவே இல்லையாம்.

“கழுவுன கிண்ணத்துல சீட்டு ஒட்டிக்கெடந்துச்சு சாமி. சொரண்டிப் பளிச்சுன்னு வெச்சிருக்கறன் பாரு.”

“செரிங்க்கா.”

இப்படி ஒரு கதாநாயகியை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

5

முடிவு ஒன்று: படத்தில் அழகான அணிவகுப்பு. நீங்கள் நம்பமாட்டீர்கள். முடிவு இரண்டு: குப்பை. அது கதையல்ல, தகவல். கண்ணுக்குத் தெரிவது வெறும் கறை என்பதால் எது என்று அவளுக்கும் தெரியாது. சல்லடையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் பேருந்து ஏறிவிட்டாள். இப்போது சங்ககிரி தாண்டியிருப்பாள்.

நேற்றுக் கிளம்பும்போது பழனியம்மாள் சொன்னாராம்: “படம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத்தான் மொதல்ல சொல்லோணும், சாமி.”

குப்பையாக வந்திருந்தால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்று பொய், ஒன்று குத்தல், ஒன்று பாடம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

“அக்கா, படம்