இருபது பல்பு

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசி லயத்தில், கடைசி இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்தான். அது செல்லசாமியின் வீட்டுச் சுவரில், அவர் பெயரில் இருந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த தம்பி ஜீவராஜுக்குச் சுவரில் துளை போட்டு ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். தனி மீட்டர் வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காக ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்தவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வருகிற பில்லை எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் தம்பிக்கு அவர்களுடைய அப்பா இராமையா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பல்புக் கணக்கு. எந்த வீட்டில் எத்தனை பல்பு எரிகிறதோ, அந்த வீட்டுக்கு அத்தனை பங்கு. பல்பைத் தவிர வேறெதுவும் இல்லாத நாளில் அது நியாயமாகத்தான் இருந்தது. பிறகு டீவி வந்தபோது அதையும் ஒரு பல்பு என்று வைத்துக்கொண்டார்கள். அயர்ன் பெட்டியும் ஒரு பல்பு. ஜீவராஜ் படுக்கையில் விழும்வரை இதில் சண்டை வந்ததில்லை.

தேயிலை ஃபெக்டரியின் தூசியைப் பல வருஷம் உள்ளே இழுத்த நெஞ்சு அவருடையது. குளிர் பட்டால் மூச்சு விசிலடிக்கும். குளிர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கிற ஊரில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மனிதனைக் குளிர் படாமல் எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. விறகடுப்புப் பக்கம் உட்கார வைத்தால் புகையில் இருமியே செத்துவிடுவார் போலிருந்தது.

தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் அவர் மனைவி சுலக்ஷனா, பஜாருக்கு இறங்கி ஹலீமின் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கினாள். சிவப்பாகக் கனன்று எரியும் இரண்டு கம்பிகள் வைத்த பெட்டி.

"இது இன்ஃப்ராரெட் தங்கச்சி," என்றார் ஹலீம். "காத்தைச் சூடாக்காது, ஆளைத்தான் சூடாக்கும். வெயில் மாதிரி. கூரையில ஓட்டை இருந்தாலும் பரவாயில்ல, முன்னால ஒக்காந்தாப் போதும். ஒரு கம்பி மட்டும் போட்டீங்கன்னா, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுதான் ஓடும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியை மறைக்காமல் செல்லசாமியிடமே கொண்டுபோய்க் காட்டினாள். "இதை அஞ்சு பல்புன்னு வச்சுக்குவோம் மச்சான். விடியக்கால ஒரு மணி நேரம், அந்தியில ஒரு மணி நேரம். அதுக்கு மேல போட மாட்டேன்."

செல்லசாமி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை. மனைவி மீனம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். சுலக்ஷனா அதை மறந்துவிட்டாள்.

அந்த மாதம் செல்லசாமி வேறொரு காரியமும் செய்திருந்தார். இறைச்சிக் கோழிக் குஞ்சுகள் வாங்கி, வீட்டின் பின்பக்கம் உமி பரப்பி, பலகை அடைத்து வளர்த்தார். குஞ்சுகள் குளிரில் செத்துவிடாதபடி மேலே ஒரு பெரிய சிவப்பு பல்பு தொங்கியது. அது அணைவதே இல்லை. ராப்பகலாக எரிந்தது.

பில் வந்தது. யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிற பில் அது. ஒரு படியைத் தாண்டிவிட்டால் போதும், தொகை குதித்துவிடும். குதித்திருந்தது. மீனம்மா அதை வாசலில் நின்று விசிறிபோல ஆட்டினாள்.

"டீச்சரம்மா! வெளிய வாங்க. வந்து ஒங்க செவப்புப் பெட்டி செஞ்ச வேலையைப் பாருங்க."

சுலக்ஷனா வந்தாள்.

"அதுக்கு இருபது பல்பு," என்றாள் மீனம்மா. "ஒன்னு கொறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப ஒங்க குஞ்சுக்குப் போட்டிருக்கிறது எத்தனை பல்புக்கா?"

"நீயே அதைப் பல்புன்னுதானே சொல்ற. பல்புன்னா ஒன்னு. எங்க மாமா சொன்ன கணக்கு."

"அது நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டு இழுக்கும், அணைக்கிறதே இல்ல. இவருக்கு நான் போடுறது ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக்கூட வராது. மீட்டரை ஓட்டுறது யாருன்னு நீங்களே பாருங்க."

"ஓட்டட்டும்! குஞ்சு தின்னதைத் திருப்பிக் குடுக்கும். நாப்பது நாள் போனா எடைக்கு எடை காசு. ஒன் புருஷன் என்னத்தைத் திருப்பிக் குடுக்கப் போறாரு?"

லயத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து ஜீவராஜ் இருமும் சத்தம் கேட்டது. அது பாதியில் அடங்கியது, யாரோ வாயைப் பொத்தியது போல. தன்னுடைய இருமலே தன் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். சுலக்ஷனா செல்லசாமியைப் பார்த்தாள். வாயை மூடு என்று அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அன்று மாலை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சுலக்ஷனாவின் வீட்டில் மூன்று பல்பும் ஒன்றாக அணைந்தன. அந்தப் பக்கம் பிளக்கிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜீவராஜின் மேல் இருந்த கம்பளியெல்லாம் போட்டாள், தன் சால்வையையும் போட்டாள். விடியும்போது அவர் உதடு கறுத்திருந்தது. அவள் அடுப்பில் தண்ணீர் வைக்கத் திரும்பியபோது, அவர் கம்பளியோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார். பின்பக்கம் போய்ப் பலகைக்குப் பக்கத்தில், சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்தார்.

"என்னடா இது?" என்றார் செல்லசாமி.

"ஒன்னுமில்லண்ணே. குஞ்சோட குஞ்சா கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிறேன்."

"வெளையாடாத. எந்திரி."

"பல்பு ஒன்னுதானே? நான் ஒக்காந்தா மட்டும் மீட்டர் கூட ஓடிடுமா?"

அந்த வீட்டில்தான் ஜீவராஜ் பிறந்தார். லயமே பார்த்துக்கொண்டிருக்கையில் அவரைப் பிடித்து வெளியே தள்ளவும் முடியாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மீனம்மா தலையில் துணியை இறுக்கிக் கட்டியபடி சொன்னாள், "பாத்துக்கங்க, தீனியையும் தின்னுடப் போறாரு."

"தீனி வேணாம் மதினி. நாப்பதாம் நாள் என்னையும் சேத்து எடை போட்டுடாதீங்க, அது போதும்."

தினமும் போனார். சுலக்ஷனாவுக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. அவர் தலைமுடியில் உமி ஒட்டிக்கொண்டு, கோழி நாற்றத்தோடு திரும்பி வரும்போது அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"மானங்கெட்டு அங்க போயி ஒக்காரணுமா?"

"மானத்தைப் போத்திக்க முடியாது புள்ள. குளிருது."

அவளுடைய ஹீட்டர் மூலையில் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தது. இருபது பல்பையும் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் அவளே போய்ச் சொன்னாள். "ரோசம் வந்தப்ப யோசிச்சிருக்கணும்," என்றாள் மீனம்மா. "இப்ப முப்பது குடுத்தாலும் அந்த வயரு ஏறாது."

ஒரு திங்கட்கிழமை காலை, முன்பள்ளிக்குப் புறப்பட்ட சுலக்ஷனாவைச் செல்லசாமி வாசலில் நின்று கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "இங்க வா" என்று மட்டும் சொன்னார். ஜீவராஜ் பலகையில் சாய்ந்தபடி இருந்தார். குஞ்சுகள் அவர் பக்கமாக ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கன்னம் இன்னும் சூடாக இருந்தது. அதனால்தான் அவள் ஏமாந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். அது அவருடைய சூடு அல்ல, பல்பின் சூடு.

பெரட்டிலிருந்து ஓடிவந்த மீனம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "போறதுக்கு இந்த வீடுதானா கெடைச்சிச்சு?" என்றாள். அழுதுகொண்டேதான் கேட்டாள், ஆனாலும் கேட்டாள்.

அவரைத் தூக்கி அவருடைய வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செத்த வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, செல்லசாமி போய் வயரைக் குத்தினார். பட்டப்பகலில் மூன்று பல்பும் எரிந்தன. சுலக்ஷனா அண்ணாந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். வந்தவர்கள் பார்க்கிறார்கள் என்பதாலோ என்னவோ, அதன் பிறகு அந்த வயரை யாரும் பிடுங்கவில்லை.

பெரிய குஞ்சுகள் எடைக்குப் போயின. கருமாதி முடிந்த வாரம் செல்லசாமி புதுக் குஞ்சுகள் கொண்டுவந்து இறக்கினார். மஞ்சளாக, கைக்குள் அடங்குகிற அளவில்.

அன்று பிற்பகல் மழை அடித்துப் பெய்தது. கீழே ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மாலையில் மீனம்மா முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சுலக்ஷனாவின் வாசலில் நின்றாள். அந்தப் படிக்கு அவள் வந்து வெகுநாளாகியிருந்தது.

"பல்பு போயிருச்சு," என்றாள். "வேற இல்ல. விடிஞ்சாத்தான் கடைக்குப் போவலாம். குஞ்செல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நசுங்குது."

சுலக்ஷனா ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த ஹீட்டரு சும்மாதானே கெடக்குது."

"கெடக்குது."

"ஒரு ராவுக்குக் குடு. விடிஞ்சதும் கொண்டாந்து தந்துர்றேன்."

"குடுக்கிறேன். எத்தனை பல்புன்னு சொல்லுங்கக்கா."

மீனம்மாவின் முகம் சிறுத்தது. "இந்த நேரத்துல என்ன பேச்சுப் பேசுற?"

"கணக்குதான் கேக்குறேன். ஒங்க வாயால சொல்லுங்க. அஞ்சா, இருபதா?"

சொல்லியிருந்தால் சுலக்ஷனா கொடுத்திருப்பாள். ஐந்து என்று சொன்னால், அன்றைக்கு அடித்த கொள்ளையை ஒத்துக்கொண்டதாகும். இருபது என்று சொன்னால், ஒரு மனிதனுக்குக் கொடுக்காததைக் கோழிக்குக் கொடுத்ததாகும். மீனம்மா இரண்டையும் நினைத்துப் பார்த்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு அவள் முக்காட்டை இழுத்து மூடினாள்.

"செத்தா சாகட்டும் போ. ஒன் பெட்டியை நீயே கட்டிக்கிட்டு அழு."

படியிறங்கிப் போய்விட்டாள். சுலக்ஷனா கதவைச் சாத்தினாள். லயத்துச் சுவர் கூரைவரை போவதில்லை. மேலே விட்ட இடைவெளி வழியாகக் குஞ்சுகளின் சத்தம் வந்தது. மெல்லிய, விடாத கீச்சு.

அவள் மூலையிலிருந்த ஹீட்டரை எடுத்துத் துடைத்து, ஜீவராஜின் வெறும் கட்டிலைப் பார்க்க வைத்தாள். பிளக்கைக் குத்தினாள். ஒரு கம்பி போட்டாள், பிறகு இரண்டாவதையும் போட்டாள். கம்பிகள் மெதுவாகச் சிவந்தன. சுருட்டி வைத்திருந்த கம்பளியின்மேல் சிவப்பு விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர் இருந்த இடத்திலிருந்து மீனம்மா கத்தினாள்.

"அடியே, மீட்டர் பறக்குதுடி! யாருக்குடி போட்டிருக்க அதை?"

சுலக்ஷனா கட்டிலின் ஓரத்தில், அவர் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சூட்டுக்கு நீட்டினாள்.