கோப்பை மறைத்த முகம்

சலூன் வைத்திருந்த அவரை ஊரில் எல்லோரும் கோல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதிதாக வருகிற யாராவது கேட்டுவிட்டால் போதும்; கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் கத்திரியால் சுட்டிக் காட்டுவார். பழைய செய்தித்தாளில் வெட்டி எடுத்தது. ஊர்க் கால்பந்து அணி முதன்முதலாகக் கோப்பை வென்ற நாள். திறந்த லாரியில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் ஒரு இளைஞன் தோள்களின் மேல் உட்கார்ந்து கோப்பையை ஏந்தியிருப்பான். முகத்தில் பாதியைக் கோப்பை மறைத்திருந்தது. மீதிப் பாதியை அச்சு மை தின்றிருந்தது.

"அது நாந்தான்" என்பார். பிறகு கதை தொடங்கும். மழையில் சேறான மைதானம், முடியப் போகிற ஆட்டம், இடது காலால் அடித்த கோல். அந்த இடம் வந்ததும் கத்திரி அந்தரத்தில் நின்றுவிடும். அவசரக்காரர்கள் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. ஊர்ப் பெருமைக்காக மாட்டிய படம். அவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று கடையைப் பார்க்க வந்த மனிதர், படத்தை அண்ணாந்து பார்த்து, இது மாப்பிள்ளையா என்று கேட்டார். பதற்றத்தில் இவர் "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்" கைகால் முளைத்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது. கூட ஆடியவர்கள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட, மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. போகப்போக அந்தப் பந்தை அடித்தது தான்தான் என்று அவரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

மாதம் தவறாமல் அந்தக் கதையைக் கேட்டவர் எதிர்த்தெருத் தையல்காரர். கோல்காரரைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்ததும், "சொல்லுங்கண்ணே, அந்தக் கடைசி நிமிஷம்" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

பூட்டிக் கிடந்த போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பெட்டி பெட்டியாக நெகடிவ்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நூலகக்கார அம்மா அவற்றைத் துடைத்து, பெரிதாக்கி அச்செடுத்து, கண்காட்சி வைத்தார். சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள், முதல் தெருக்குழாய் திறந்த அன்று வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள், கல்யாண வீட்டுக் கொல்லையில் மலைபோல் குவிந்த பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தவர்கள். எல்லாம் இந்த ஊர் முகங்கள். கோப்பைப் படத்தைத் திறந்து வைத்து நாலு வார்த்தை பேசக் கோல்காரர்தான் வரவேண்டும் என்று கடைக்கே வந்து கேட்டுக்கொண்டார் அந்த அம்மா. கண்ணாடிக்கு மேலே இருப்பதுதான் பெரிதாகப் போகிறது, பெரிதானாலும் கோப்பை கோப்பைதானே, முகம் தெரியாது என்று இவர் தலையாட்டிவிட்டார்.

கூடம் நிறையக் கூட்டம். மனைவி புதுத்துணி உடுத்தி முன்வரிசையில். தையல்காரர் பின்னால் சுவரோடு சுவராக. நூலகக்கார அம்மா மைக்கை இவர் கையில் கொடுத்துவிட்டுத் திரையை இழுத்தார்.

அதே லாரி, அதே தோள்கள். ஆனால் வேறு படம். முதல் படத்தை எடுத்த கையோடு ஸ்டூடியோக்காரர் இன்னொன்றும் எடுத்திருந்தார். இதில் கோப்பை நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. அடர்த்தியான புருவங்கள் நடுவில் சேர்ந்த ஒரு முகம் ஆள் உயரத்துக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. நாலைந்து தலைகள் தானாகப் பின்பக்கம் திரும்பின. அதே புருவங்கள் சுவரோரம் நின்ற தையல்காரர் முகத்தில் இருந்தன.

கோல்காரர் மைக்கைப் பிடித்தபடி படத்தையே பார்த்தார். மனைவி எழுந்து படத்தருகே வந்தாள். அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போய், லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றன. ஆட்டக்காரர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, விரிந்த காதுகளோடு ஒரு ஒல்லிப் பையன் அங்கே நின்றிருந்தான்.

"மூட்டையோட நிக்கிறது நீங்கதானே?" என்று அவர் காதோரம் மெதுவாகத்தான் கேட்டாள். கையிலிருந்த மைக் அதைக் கூடம் முழுக்கக் கேட்க வைத்தது.

"ஆமா" என்றார். அதையும் மைக் சொன்னது.

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மைக்கை மேசையில் வைத்துவிட்டு அவர் வெளியே நடந்தார். முகம் அடுப்பில் காட்டியது போல் எரிந்தது.

மனைவியும் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "எங்கப்பாவுக்குப் பந்து விளையாட்டுன்னாலே ஆகாது. பெருமையடிக்கிற பையனாச்சேன்னு யோசிச்சாரு. நாந்தான் பரவால்லன்னு சொன்னேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் எதிர்த்தெருவுக்குப் போனார். தையல்காரர் தலையைத் தூக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். இவர் வாசற்படியிலேயே நின்றார்.

"தம்பி, அது..."

"எங்கண்ணன். கோப்பை வாங்கின வருஷமே காய்ச்சல்ல போயிட்டான். அம்மா தாங்க மாட்டாங்கன்னு அவன் பேரையே வீட்டுல எடுக்கக் கூடாது. ஒரு படம்கூடக் கெடையாது."

"எனக்குத் தெரியாம போச்சே" என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே விழுங்கினார். அவருக்குத் தெரியும். சாவுக்குப் போயிருக்கிறார். செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று மனசின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டிருக்கிறது. அதையே சொன்னார். பிறகு இவரே கேட்டார்:

"நீங்க ஏன் ஒரு நாளும் கேக்கல?"

மெஷின் நின்றது. "கேட்டா நிறுத்திடுவீங்கல்லண்ணே. அவன் அந்தப் பந்த அடிச்சத இந்த ஊர்ல வேற யாரு எனக்குச் சொன்னா? நீங்க நான் நான்னு சொல்லுவீங்க, நான் அவன் அவன்னு கேட்டுக்குவேன்." ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார், இரண்டு முறை தவறியது. "நேத்து எல்லாரும் திரும்பிப் பாத்தப்ப எனக்குந்தான் மானம் போச்சு. அவன் பேரு அழியறதப் பாத்துக்கிட்டு, சொகமா முடிவெட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே."

கோல்காரர் மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் சரி என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

அங்கிருந்து நேராக நூலகத்துக்குப் போனார். நூலகக்கார அம்மா நிமிர்ந்து பார்க்கவே சங்கடப்பட்டார். படத்தின் கீழே எழுத இறந்தவன் பெயரை இவர் சொன்னார். கோல் விழுந்தது ஆட்டத்தின் எந்த நிமிடம், அடித்தது எந்தக் கால், தம்பி யார் என்று எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை தடவை சொல்லிப் பழகிய கதை, அன்றைக்கு வார்த்தை வார்த்தையாகத் தடுக்கியது.

எழுதி முடித்துவிட்டு அந்த அம்மா தயங்கினார். "சக்கரத்துக்கிட்ட நிக்கிறவர விட்டுடலாங்களா?"

விட்டுவிடலாம்தான். அவருக்கும் அந்த ஆசை இருந்தது.

"வேணாங்க. சட்டை மூட்டையப் பாத்துக்கிட்டவன்னு போடுங்க. பேரையும் போடுங்க."

கண்காட்சி முடியும்வரை வந்துபோனவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். சிலர் கடைக்கு வந்தும் கிண்டல் செய்தார்கள். ஆமாம், பொய்தான் சொன்னேன் என்று வேலையை நிறுத்தாமல் சொல்வார். எத்தனை தரம் சொன்னாலும் அந்த விரிந்த காதுகள் சிவந்துதான் போயின. தையல்காரர் அந்த மாதம் முடிவெட்ட வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தெருவில் பார்த்தால் மட்டும் நின்று, "சௌக்கியமாண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனார்.